மேமே என்ன சொன்னார்?

கணவாய் மூடுவதற்கு முந்தின வாரம்

அன்பு மகள் குன்ஸேஸுக்கு,

ஜூலே. லே நகரத்து ஆஸ்பத்திரியில் கை நிறைய வேலையோடு இருக்கும் உனக்கு, ஊரில் கை நிறைய வேலையோடு இருக்கும் உன் ஆபா மோருப் அடுப்பங்கரையில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல, யங்டோல் டீச்சர் எழுதும் கடிதம். நானும் உன் மகள் நில்ஸாவும் நலம். கறவை மாடு ஸோமோவும் நலம். கூரையில் புல் ஏற்றியாகிவிட்டது. டர்னிப்பைக் குழியில் புதைத்தாகிவிட்டது. இந்தக் கடிதம் கடைசி லாரியில் வருகிறது. இதற்குப் பிறகு ஆறு உறைந்து, ஆள் நடக்கிற பதம் வந்தால்தான் அடுத்தது. அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன். டீச்சரின் விரல் வலித்தால் வலிக்கட்டும்.

நீ கோடையில் உன் தம்பி ஜிக்மெட்டிடம் சொல்லி அனுப்பியதை நான் மறக்கவில்லை. எனக்கு எழுத்துத் தெரியாதே தவிர, ஒரு முறை காதில் விழுந்த சொல் அங்கிருந்து கீழே விழாது. ஆஸ்பத்திரிக்குப் பின்சந்தில் இருக்கும் பள்ளியில் நில்ஸாவுக்கு இடம் கேட்டு வைத்திருக்கிறாய். குளிர்கால விடுமுறை முடிந்து பள்ளி திறக்கும்போது ஒரு பரீட்சை வைப்பார்கள். அவள் முன்பின் பார்க்காத ஒரு பக்கத்தைக் கொடுத்துப் படிக்கச் சொல்வார்கள். தேறினால் மூன்றாம் வகுப்பு, உன் அறையிலேயே உன்னோடு இருக்கலாம். தவறினால் இடம் வேறு பிள்ளைக்குப் போய்விடும், அடுத்த குளிர்காலம் வரை நீ அங்கே, அவள் இங்கே. அவள் அப்பன் பனிச்சரிவில் போன பிறகு நீ வேலைக்குப் போனாய். அன்றிலிருந்து நீங்கள் இரண்டு பேரும் எண்ணிக்கொண்டிருப்பது இந்த ஒரு பரீட்சையைத்தான். இதுதானே விஷயம்?

அப்படியானால் கவலையை விடு. உன் மகள் படிப்பதை நீ கேட்க வேண்டும். பாறையிலிருந்து இறங்குகிற ஓடை மாதிரி. இடையில் மூச்சு வாங்குவதில்லை, தடுமாறுவதில்லை. அறுவடை முடிந்து நம் வீட்டில் புனித நூல் வாசிப்பு நடந்தது. வழக்கம்போல் வாசிக்க வந்தவர்கள் வரிசையாக உட்கார்ந்து, ஆளுக்கொரு ஏட்டுக்கட்டை மடியில் வைத்துக்கொண்டு, எல்லோரும் ஒரே நேரத்தில் ஆளுக்கொரு ஏட்டை வாசித்தார்கள். வீடே தேன்கூடு மாதிரி இரைந்தது. இவள் என்ன செய்தாள் தெரியுமா? வரிசையின் கடைசியில் போய்ச் சம்மணம் போட்டு, தன் இந்திப் பாடப்புத்தகத்தை மடியில் விரித்து, அதே ராகத்தில், அவர்களைவிட வேகமாக வாசிக்க ஆரம்பித்துவிட்டாள். தேநீர் நேரத்தில் வந்தவர்களில் மூத்தவர், 'என்ன மோருப், உன் பேத்தி எங்க பொழப்புல மண்ணைப் போட்டுடுவா போலிருக்கே! ஒரு மூச்சுல மூணு பக்கம் போறா' என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அன்றிலிருந்து தினமும் மாலையில் அவள் எனக்கு வாசித்துக் காட்டுகிறாள். ஒரு பக்கத்துக்கு ஒரு காய்ந்த சூலிப்பழம் தருகிறேன். வேகமாக வாசித்தால் இரண்டு. நான் கண்ணை மூடிக் கைகூப்பிக் கேட்கிறேன். வீட்டுக்கு நல்லது.

இப்போது டீச்சரைப் பற்றி ஒரு புகார். எழுதுகிறவளே அவள்தான் என்பதால் குறைத்து எழுதிவிடுவாள் என்று நினைக்காதே. 'சொல்றத ஒரு சொல் விடாம எழுதணும்' என்று சொல்லிவிட்டேன். 'எழுதறேன் மேமே-லே. உங்க வசவு எனக்கென்ன புதுசா?' என்கிறாள், நில்ஸாவைப் போலவே என்னைத் தாத்தா முறை வைத்து.

பள்ளிக்கூடத்தில் விறகு இல்லை. நம் அடுப்புதான் ஊரில் பெரிது என்று வகுப்பை நம் அடுப்பங்கரைக்கே கொண்டுவந்துவிட்டாள். பனி மூடினால் அவளும் தன் ஊருக்குப் போக முடியாது, இங்கேதான். அதெல்லாம் சரி. ஆனால் பிள்ளைகளை ஓடவிட மாட்டேன் என்கிறாள். ஒரு வரி படித்ததும் நிறுத்து, அதை நம் பேச்சில் சொல்லு, அடுத்து என்ன நடக்கும், அவன் ஏன் அப்படிச் செய்தான், கண்ணை மூடினால் என்ன தெரிகிறது... ஒவ்வொரு புதருக்கும் நின்று மேய்கிற கழுதை மாதிரி. அப்படி ஒரு கழுதையோடு கணவாய் ஏறினவன் நான். எப்போது ஊர் போய்ச் சேர்வது?

போன வாரம் ஒரு பாடம். ஒரு குயவன் பானைகளை வனைந்து வெளியே காய வைத்திருக்கிறான். சந்தைக்குப் போன இடத்தில் கருமேகம் திரள்வதைப் பார்க்கிறான். சாமானைப் போட்டது போட்டபடி வீட்டுக்கு ஓடுகிறான். நில்ஸா இதைக் கண்ணிமைக்கும் நேரத்தில் வாசித்து முடித்தாள். டீச்சர் கேட்டாள்: 'குயவன் ஏன் ஓடினான்?' நில்ஸா புத்தகத்தைப் பார்த்தாள். பிறகு முதல் வரியிலிருந்து மறுபடி வாசிக்க ஆரம்பித்தாள், முன்னைவிட வேகமாக. 'நிறுத்து. ஏன் ஓடினான்?' மறுபடி முதல் வரி. இப்படி நான்கு தரம். பிள்ளைக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. நான் குறுக்கே புகுந்து, 'அவன் ஓடினா இவளுக்கென்ன டீச்சர்? இவ ஓடுறாளே, அதப் பாரு' என்றேன்.

அதற்கு அவள் சொன்னாள்: 'நில்ஸாவுக்கு வாய் வந்திருக்கு மேமே-லே. காது இன்னும் வரல. தான் படிக்கிறத அவளே கேக்கறதில்ல.'

காது இல்லாமலா அவ்வளவு ராகம் வருகிறது? நீயே சொல்.

ஆகவே பயப்படாதே. பரீட்சையில் இவள் வாசிக்கத் தொடங்கினால் கேட்கிறவர்கள் எழுந்து நிற்பார்கள். ஈரக் காலுறையோடு தூங்காதே. மும்மணிகளும் உன்னைக் காக்கட்டும்.

உன் ஆபா, மோருப்
(பெருவிரல் ரேகை)

அக்கா, கீழே இரண்டு வரி என்னுடையது. மேமே-லேவிடம் படித்துக் காட்டிவிட்டுத்தான் சேர்க்கிறேன், திட்டினார். லே பள்ளியின் பரீட்சையில் சத்தமாக வாசிக்கச் சொல்ல மாட்டார்கள். பக்கத்தை மௌனமாகப் படிக்கவிட்டுக் கேள்விகள் கேட்பார்கள். இன்றைய நிலையில் நில்ஸா தேற மாட்டாள். ஆனால் குளிர்காலம் நீளமானது, பெண் கெட்டிக்காரி. முடியும். யங்டோல்.

லோசர் கழிந்து, கடுங்குளிரில்

அன்பு மகள் குன்ஸேஸுக்கு,

ஜூலே. புது வருடத்தில் உன் பங்கு மாவு உருண்டையை எடுத்து வைத்து, நீ வரமாட்டாய் என்று தெரிந்ததும் காகத்துக்குப் போட்டோம். எல்லோரும் நலம். ஸோமோ உயிரோடு இருக்கிறது. இந்த வார்த்தையைப் பார்த்ததும் உனக்குத் திக்கென்றிருக்கும். இரு, வரிசையாகச் சொல்கிறேன். இந்தக் கடிதம் ஜிக்மெட்டோடு ஆற்றுப்பனி மேல் நடந்து வரும்.

கணவாய் மூடுவதற்கு முன்பே மாட்டு வைத்தியர் வந்து போனார். ஸோமோவின் முதுகில் சொறி கண்டிருந்ததற்கு ஒரு பொட்டலம் பொடியும், எப்படிப் பயன்படுத்துவது என்று இந்தியில் எழுதிய ஒரு காகிதமும் கொடுத்தார். வாயாலும் சொன்னாராம், நான் அப்போது மேலே புல்வெளியில் இருந்தேன். சொறி அதிகமானதும் பொட்டலத்தை எடுத்தேன். காகிதத்தை நில்ஸாவிடம் கொடுத்து வாசி என்றேன். என்ன ராகம், என்ன இனிமை! ராணுவத்துக்குச் சுமை தூக்கின காலத்தில் எனக்கும் நாலு வார்த்தை இந்தி ஒட்டிக்கொண்டது, உனக்குத் தெரியும். ஆனால் அந்த ராகம் காதில் விழுந்தால் நம் வீட்டில் யாருக்கும் காது திறக்காது, தலைதான் குனியும். நான் கைகூப்பிக் கேட்டுவிட்டு, ஒரு வெண்ணெய் விளக்கும் ஏற்றி வைத்தேன். பிறகு மருந்து என்றால் வயிற்றுக்குத்தானே என்று பொடியைத் தவிட்டில் பிசைந்து ஸோமோவுக்கு ஊட்டிவிட்டேன்.

காலையில் ஸோமோ படுத்துக் கிடந்தது. வாயில் நுரை. கண் மேலே சொருகியிருந்தது. நான் மோர் ஊற்றினேன், மந்திரம் சொன்னேன், உலுக்கினேன். சத்தம் கேட்டு டீச்சர் ஓடி வந்தாள். வந்ததும், 'காகிதம் எங்க?' என்றாள். நில்ஸா ஓடிப்போய் எடுத்து வந்து, நின்ற இடத்திலேயே மறுபடி அதே ராகத்தில் வாசிக்க ஆரம்பித்தாள். டீச்சர் அவள் வாயைப் பொத்தினாள். அடிக்கவில்லை, மெல்லத்தான் பொத்தினாள். 'வாய மூடு. விரல வை. மொத வார்த்தை என்ன? நம்ம பேச்சுல சொல்லு.'

பிள்ளை ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள். பொடியை. வெந்நீரில். கரைத்து. தோலில். தேய். அங்கே நின்றாள். அடுத்த சொல்லுக்கு விரலை நகர்த்தினாள். 'வாயில...' என்றாள். 'வாயில படக்கூடாது, மேமே!' என்று கத்தினாள். கத்திய வேகத்தில் காகிதத்தைப் போட்டுவிட்டுத் தொழுவத்துக்கு ஓடினாள். ஸோமோவின் வாயைத் தன் பாவாடையால் துடைத்தாள், துடைத்துக்கொண்டே இருந்தாள். அந்தக் காகிதம் அவ்வளவு நாளும் எங்கள் வீட்டு மாடத்தில்தான் இருந்தது. எங்களோடு பேசிக்கொண்டுதான் இருந்தது.

ஸோமோ பிழைத்தது. மோர்தான் காப்பாற்றியது என்கிறாள் டீச்சர், மந்திரமும் கொஞ்சம் என்கிறேன் நான். பால் மட்டும் வற்றிவிட்டது. இந்தக் குளிர்காலம் பக்கத்து வீட்டு வெண்ணெயில்தான் தேநீர். அவர்கள் கை கொஞ்சம் இறுக்கம். தேநீரில் வெண்ணெய் இருக்கிறது என்று நம்பித்தான் குடிக்கிறோம்.

ஆனால் கேள், குன்ஸேஸ். நஷ்டமாக நான் இதைச் சொல்லவில்லை. அன்றைக்குப் பிறகு உன் மகள் வேறு பிள்ளை. எழுத்து என்றால் ராகம் போட்டுக் கடக்க வேண்டிய பாலம் இல்லை, அதற்குள்ளே ஒருவன் நின்று ஏதோ சொல்கிறான், கேட்காவிட்டால் மாடு செத்துப்போகும் என்று அவளுக்குப் பட்டுவிட்டது. இப்போது ஒரு வரி படித்தால் நிற்கிறாள். சூலிப்பழ டப்பாவை டீச்சர் என்னிடமிருந்து பிடுங்கி வைத்துக்கொண்டாள். வேகத்துக்குப் பழம் கிடையாது. படித்ததைப் பற்றி நல்ல கேள்வி ஒன்று கேட்டால்தான் பழம். முதல் நாள் நில்ஸாவுக்கு ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. இப்போது டப்பா காலியாகப் போகிறது.

குயவன் பாடத்தை டீச்சர் மறுபடி எடுத்தாள். பிள்ளைகள் ஐந்து பேரையும் கேட்டாள். ஒருவன், பசித்தது, ஓடினான் என்றான். ஒருத்தி, குளிர்ந்தது, ஓடினான் என்றாள். நம் ஊரில் மேகம் வந்தால் குளிரும், அவ்வளவுதானே, வருடத்தில் என்றைக்கோ ஒரு நாள்தானே மழை? டீச்சர் புத்தகத்தை மூடி வைத்தாள். 'நில்ஸா, சூலி காயப் போட்டிருக்கிற நேரத்துல மேகம் வந்தா உங்க அமா என்ன பண்ணுவா?' என்றாள். 'கூரைக்கு ஓடுவா.' 'ஏன்?' 'அள்ளத்தான். நனஞ்சா கறுத்துப் போயிடும்ல!' டீச்சர் மூடிய புத்தகத்தை அவள் பக்கம் தள்ளினாள். நில்ஸா புத்தகத்தைப் பார்த்தாள், டீச்சரைப் பார்த்தாள். பிறகு தரையில் ஓங்கி அடித்தாள். 'ஐயோ, பானை! பச்சைப் பானை கரைஞ்சுடும்!' என்றாள். நானும் அதே நேரத்தில் 'பானை!' என்று கத்திவிட்டேன். டீச்சர் எனக்கும் ஒரு பழம் கொடுத்தாள். வாங்கிக்கொண்டேன்.

மௌனமாகப் படிப்பதுதான் கடினமாக இருக்கிறது. அது எனக்கே இன்னும் பிடிபடவில்லை. வாய் அசையாமல் ஒருத்தி புத்தகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தால், படிக்கிறாளா, தூங்குகிறாளா என்று எப்படித் தெரியும்? நில்ஸாவின் உதடு தானாக ஆடுகிறது. டீச்சர் அவள் உதடுகளுக்கு நடுவில் ஒரு வைக்கோலைக் கொடுத்து, கீழே விழாமல் படி என்கிறாள். முதல் நாள் பாடமும் புரியவில்லை, வைக்கோலும் நிற்கவில்லை. நேற்று ஒரு பக்கம் முடியும்வரை வைக்கோல் நின்றது. முடித்துவிட்டு அவளாகவே சிரித்தாள். என்னடி சிரிப்பு என்றால், 'இந்த நரி பொய் சொல்லுது மேமே. அதுக்குத் திராட்சை வேணும், வேணாங்குது' என்கிறாள். பக்கத்தில் பொய் என்ற சொல்லே இல்லையாம். டீச்சர் எனக்கு இரண்டு தரம் படித்துக் காட்டினாள். இல்லைதான்.

ஒரே ஒரு கவலை. பரீட்சைக்கு லேவுக்குப் போக வேண்டும் என்ற பேச்சை எடுத்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். 'மேமே வந்தா நானும் வரேன்' என்கிறாள். எனக்கு இந்த முழங்காலோடு பனியில் ஆறு நாள் நடக்க முடியுமா? 'அமாவுக்கு அங்க ஆஸ்பத்திரி நெறைய ஆளுங்க இருக்காங்க, மேமேவுக்கு யாரு?' என்று கேட்கிறாள். டீச்சர் இந்தக் கேள்விக்கும் பழம் கொடுக்கலாமா என்று யோசித்தாள். நான் கொடுக்க விடவில்லை.

நீ ஒரு கடிதம் எழுதி ஜிக்மெட்டிடம் கொடுத்தனுப்பு. வா என்று ஒரு வார்த்தை அழுத்தி எழுது. உன் எழுத்தைப் பார்த்தால் இளகுவாள்.

உன் ஆபா, மோருப்
(பெருவிரல் ரேகை)

ஆற்றுப்பனி கெட்டியாக இருக்கும்போதே

அன்பு மகள் குன்ஸேஸுக்கு,

ஜூலே. இந்தக் கடிதத்தைக் கொண்டுவருகிறவள் உன் எதிரில் நிற்கிறாள். ஜிக்மெட்டோடு பனியில் நடந்து மூக்கு சிவந்திருக்கும், முதலில் சூடாக ஏதாவது கொடு. பிறகு படி.

உன் கடிதம் வந்தது. நீ வா என்று எழுதியிருப்பாய் என்று நினைத்தேன். நீ அப்படி ஒரு வரிகூட எழுதவில்லை. பிள்ளையின் மனசு, அவள் விருப்பம் என்று விட்டுவிட்டாய். எனக்குக் கோபம்தான் வந்தது. ஜிக்மெட் வந்ததும் வராததுமாகப் பனிக்காலணியைக்கூடக் கழற்றாமல், 'அக்கா சுகமா இருக்காளாம் ஆபா. நானே ஆத்தோரக் குகையில ரெண்டு தரம் படிச்சுட்டேன்' என்றான். பிறகு எனக்கும் வாசித்துக் காட்டினான். ஒரே தரம்தான் கேட்டேன். இப்போதும் அப்படியே சொல்வேன், டீச்சர் காகிதத்தைப் பார்த்துச் சரிபார்க்கட்டும்.

'ஆபா, நான் இங்கே சுகம். அறை சிறியது, ஆனால் மதியம் வெயில் வருகிறது. சாப்பாடு ஆஸ்பத்திரியிலேயே. இரவு வேலை இல்லாத நாட்களில் நன்றாகத் தூங்குகிறேன். என் அறை இருக்கும் தெருவின் காவலாளி வேடிக்கையான ஆள். மணிக்கு ஒரு தரம் இரும்புத் துண்டில் தட்டுவான். மூன்று மணிக்கு மட்டும் தட்டமாட்டான், கண்ணயர்ந்துவிடுவான் போல, பாவம். அதற்கும் சேர்த்து நான்கு மணிக்கு ஓங்கித் தட்டுவான். நில்ஸா வருவதும் வராததும் அவள் விருப்பம். வற்புறுத்த வேண்டாம்.'

ஒரு சொல் பிசகவில்லை என்கிறாள் டீச்சர்.

கடிதத்தை நில்ஸா வாங்கிக்கொண்டு ஜன்னலடியில் போய் உட்கார்ந்தாள். வாயில் வைக்கோல் இல்லை, இப்போதெல்லாம் வேண்டியதில்லை. உதடு அசையவில்லை. காவலாளி வரும் இடத்தில் சிரிப்பாள் என்று பார்த்தேன், ஜிக்மெட்டும் நானும் அங்கே சிரித்திருந்தோம். அவள் சிரிக்கவில்லை. கொஞ்சம் மேலே போய் மறுபடி பார்த்தாள், மறுபடி கீழே வந்தாள். பிறகு காகிதத்தை மடித்தாள்.

'அமா தூங்கறதில்ல மேமே' என்றாள்.

ஜிக்மெட் விழுந்து விழுந்து சிரித்தான். 'அடி மக்கு! நல்லாத் தூங்கறேன்னு கொட்டை எழுத்துல எழுதியிருக்கு. இதுக்குத்தானா ஒரு குளிர்காலம் பூரா டீச்சர் தொண்டையக் கிழிச்சுக்கிட்டா?'

நில்ஸா அவனைப் பார்த்துச் சொன்னாள்: 'தூங்கினா, மூணு மணிக்கு மணி அடிக்கலைன்னு அமாவுக்கு எப்படித் தெரியும் மாமா?'

ஜிக்மெட் தன் காலணியின் கயிற்றை அவிழ்க்கத் தொடங்கினான், ஏற்கெனவே அவிழ்த்ததைத்தான். டீச்சர் கொதிக்காத கெட்டிலைத் திறந்து உள்ளே பார்த்துக்கொண்டே இருந்தாள்.

எனக்கு அந்தக் கடிதத்தில் ஒவ்வொரு சொல்லும் ஞாபகம் இருந்தது, குன்ஸேஸ். அவளுக்குத்தான் கடிதம் புரிந்தது.

அதற்குப் பிறகு யாரும் அவளை வற்புறுத்தவில்லை. அவளே தன் கம்பளியை எடுத்து விரித்து, உருட்டிக் கட்டினாள். கயிற்றை இறுக்க மட்டும் என்னைக் கூப்பிட்டாள். 'நான் பக்கத்துல படுத்தா அமா தூங்கிடுவா. இங்கயும் அப்படித்தான் தூங்குவா' என்றாள். பிறகு கொஞ்ச நேரம் கழித்து, 'மேமே, நீங்க நல்லாத் தூங்குவீங்கல்ல?' என்று கேட்டாள். தூங்குவேன் என்றேன். என்னை உற்றுப் பார்த்தாள். நல்லவேளை, நான் சொன்னது எழுத்தில் இல்லை.

பரீட்சையைப் பற்றி எனக்கு இப்போது பயம் துளியும் இல்லை. இது பழைய பெருமை இல்லை, கண்ணால் கண்டது. அவள் வாசிப்பதைக் கேட்டு யாரும் எழுந்து நிற்க மாட்டார்கள், ஏனென்றால் ஒரு சத்தமும் கேட்காது. பக்கத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பாள். நேரம் எடுத்துக்கொள்வாள். அவசரப்படுத்தினால் நீ வாசலில் நின்றபடியே சண்டை போடு. முடித்ததும் அவர்கள் என்ன வேண்டுமானாலும் கேட்கட்டும். ஏன் ஓடினான், ஏன் வேண்டாம் என்றது, எதை மறைத்தாள், எல்லாம் சொல்வாள்.

ஊர் செய்தி. என்னைப் பற்றி நீங்கள் இரண்டு பேரும் யோசிக்க ஒன்றும் இல்லை. வகுப்பு நம் அடுப்பங்கரையில்தான் தொடர்கிறது, மீதிப் பிள்ளைகள் நான்கு பேரும் வருவார்கள், வீடு நிறைந்திருக்கும். ஜன்னலடியில் மட்டும் யாரையும் உட்கார வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன், அங்கே குளிர்காற்று வருகிறது. நில்ஸாவின் மரக்கிண்ணத்தை எடுத்து உள்ளே வைக்கவில்லை. அலமாரியில் இடம் இருக்கிறது, இருந்துவிட்டுப் போகட்டும். ஸோமோ தேறி வருகிறது. விடிவதற்குள் இரண்டு தரம் புரண்டு படுக்கிறது, இரண்டாவது தரம் புரளும்போது ஒரு செருமல், அவ்வளவுதான். எனக்குத் தூக்கத்துக்கு ஒரு குறையும் இல்லை.

இந்த இடத்தில் டீச்சர் பேனாவை நிறுத்திவிட்டாள். 'மேமே-லே, ஸோமோ வரியை எடுத்துடவா?' என்கிறாள். ஏன் என்றேன். 'இதையும் நில்ஸாதான் படிப்பா' என்றாள். அடுப்பில் ஒரு விறகைத் தள்ளினேன். 'படிக்கட்டும். எழுது' என்றேன்.

ஏப்ரலில் வயல் உழுவதற்கு முன், புனித நூல்களை முதுகில் சுமந்து வயலைச் சுற்றும் நாளில் என் பங்கு ஏட்டுக்கட்டை இந்த வருடமும் நானே சுமப்பேன். என் முதுகு அதற்கு இன்னும் போதும். போன வருடம் நில்ஸா என் பின்னாலேயே நடந்துவந்தாள், ஒன்றும் கேட்கவில்லை. நேற்று கேட்டாள்: 'மேமே, இத்தனை வருஷமா தூக்கறீங்களே, அதுல என்ன எழுதியிருக்கு?' எனக்குத் தெரியாது என்றேன். 'நான் பெரியவளாகி வந்து படிச்சுச் சொல்றேன், அதுவரைக்கும் கீழ போட்டுடாதீங்க' என்றாள். போட மாட்டேன்.

இனி நீ செய்ய வேண்டியது ஒன்று. இந்தக் கடிதம் ஒட்டியிருக்கிறது. டீச்சர் எழுதும்போது நில்ஸாவைத் தொழுவத்துக்கு அனுப்பிவிட்டோம், அவளுக்கு இதில் என்ன இருக்கிறது என்று தெரியாது. பரீட்சைக்கு முன்னால் இதுதான் அவளுக்கு முன்பின் பார்க்காத பக்கம். நீ படித்து முடித்ததும் அவளிடம் கொடு. மெதுவாகப் படிக்கட்டும், வாயை மூடிக்கொண்டு. அவள் எந்த இடத்தில் நிற்கிறாளோ, அங்கே அவசரப்படுத்தாதே. முடித்துக் காகிதத்தை மடித்ததும், ஆஸ்பத்திரிக் கவலை எல்லாம் ஒரு பக்கம் வைத்துவிட்டு, அவளைப் பக்கத்தில் இழுத்து உட்காரவைத்துக் கேள், மேமே என்ன சொன்னார் என்று.

அவள் என்ன சொல்கிறாளோ, அதுதான் நான் சொன்னது.

நீங்கள் இரண்டு பேரும் இன்றிரவு மூன்று மணி தெரியாமல் தூங்குங்கள். மும்மணிகளும் காக்கட்டும்.

உன் ஆபா, மோருப்
(பெருவிரல் ரேகை)